கடைசிப் பந்தி

உண்ணும் சோற்றிலும் உண்ணா நோன்பிலும் ஒருசேர உறையும் பெருமானே, பசித்த முகம் அறிந்து படியளக்கும் உமையொருபாகனே, சொல்லப் புகுந்த இக்கதையில் பொய் கலவாமல் நின் திருவடி காக்க.

நாகைக்குத் தெற்கே, கடற்கழியை ஒட்டிய சிற்றூரில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவரான அடிகளுக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் பதிகப் பாடம் கேட்டுவந்த ஐயாறப்பருக்கோ நாற்பத்தொன்று. இளையவர் காலில் விழ ஐயாறப்பர் ஒருநாளும் கூசியதில்லை. தாலுகா அலுவலகத்தில் எழுத்து வேலை முடிந்ததும் நேரே மடத்துக்கு வருவார். பூசையும் பாடமும் முடிந்து, அடிகள் தம் கையால் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலை இலையில் கட்டிக்கொண்டு வீடு சேர இரவு பத்தாகிவிடும். ஏழு ஆண்டுகளாக இந்த ஒழுங்கு பிசகவில்லை.

பாடம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்து வணங்கினார்.

"சுவாமி, மனைவியை விலக்கிவிட உத்தரவு வேண்டும்."

அடிகள் படித்துக்கொண்டிருந்த நூலை மூடினார்.

"என்ன குற்றம் செய்தார்?"

"குழந்தை இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி என்கிறார் மருத்துவர். மூன்று மாதம், நான்கு மாதம் என்று மாதவிலக்கு தள்ளிப்போகிறது. உடம்பு பெருத்துவிட்டது. முகத்தில் ரோமம் வேறு."

"அதற்கு மருத்துவர் வழி சொல்லவில்லையா?"

ஐயாறப்பர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். வக்கீலிடம் காட்டுவதற்காக வைத்திருந்த தாள்.

"சோறும் இனிப்பும் குறைக்க வேண்டும், காயும் பருப்பும் சுண்டலும் கூட்ட வேண்டும். நாள்தோறும் முக்கால் மணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். இரவு எட்டுக்குள் உண்டு, நேரத்தோடு உறங்க வேண்டும். அடியோடு தீர்கிற நோய் இல்லையாம். ஆனால் இப்படி இருந்தால் கட்டுக்குள் நிற்குமாம். குழந்தைக்கும் வழி உண்டாம்."

"இருந்தாரா?"

"மூன்று ஆண்டாகிறது, சுவாமி. ஒரு வரியைக்கூடக் காக்கவில்லை. வாயைக் கட்டத் தெரியாதவள். அடக்கம் இல்லாதவளோடு இல்லறம் நடத்துவது எப்படி? அம்மா வேறிடம் பார்த்துவிட்டார்கள். மணவிலக்குப் பத்திரம் எழுதியாயிற்று. நான் கையெழுத்திடுவது ஒன்றுதான் பாக்கி. தங்கள் உத்தரவு இல்லாமல் இடமாட்டேன்."

அடிகள் தாளை வாங்கி இருமுறை படித்தார்.

"பத்திரம் இருக்கட்டும். இதில் உள்ளதை நீர் பன்னிரண்டு நாள் நோன்பாகக் காத்துக் காட்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கேயே தங்கும்."

"நானா? எனக்கு நோய் இல்லையே."

"அப்படியானால் உமக்கு எளிது."

ஐயாறப்பருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். சிவராத்திரியன்று சொட்டுத் தண்ணீர் தொடாமல் விழித்திருப்பவர் அவர். நடையும் காய்கறியும் ஒரு நோன்பா?

"ஒன்று கேட்க வேண்டும்" என்றார் அடிகள். "உம் மனைவி எப்போது எழுவார்?"

"நாலரைக்கு."

"எப்போது உண்பார்?"

"நானும் அம்மாவும் உண்ட பிறகு. அம்மா வகுத்த முறை அது."

"நீரும் நாலரைக்கு எழுந்து அடுக்களை வேலை முழுவதையும் பாரும். எல்லோரும் உண்ட பிறகு உண்ணும். நோன்புக்கு அது தடையாகாதல்லவா?"

"ஆகாது, சுவாமி."

மறுநாள் இருட்டு பிரியுமுன் சமையற்காரர் தட்சிணம் வந்து பாயை உருவினார். காய் நறுக்கி, தேங்காய் துருவி, கிணற்றில் நீர் இறைத்து, அண்டா கழுவி, மூன்று பந்தி பரிமாறி, பூசை முடித்துவந்த அடிகளும் உண்டு எழுந்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. ஐயாறப்பர் இலையோடு அடுக்களைக்குள் போனார். பொரியல் சட்டி வழித்துக் கிடந்தது. சுண்டலில் ஒரு கடலை இல்லை. அடிச்சோறு இருந்தது. அரை உருளி சர்க்கரைப் பொங்கல் இருந்தது.

"பொரியல் எங்கே, தட்சிணம்?"

"கடைசிப் பந்திக்குப் பொரியல் எங்கண்ணே மிஞ்சும்? பொங்கல் இருக்கு, அள்ளிக்குங்க."

"இனிப்பு ஆகாது. நோன்பில் இருக்கிறேன்."

"சாமி பிரசாதத்தைக் கொட்டணுமா? நான் மாட்டேம்பா. உங்க கையால கொட்டிட்டு, வர்ற பாவத்தையும் நீங்களே வச்சுக்குங்க."

ஐயாறப்பர் உருளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைவரை போனார். கவிழ்க்கக் கை எழவில்லை. பசியிலோ கண் இருட்டியது. அங்கேயே குந்தி, அள்ளித் தின்றார்.

மாலையில் அடிகள் கேட்டார்: "நடந்தீரா?"

"பொழுது எங்கே இருந்தது, சுவாமி?"

"நாலரைக்கு எழுந்தவருக்கு முக்கால் மணி கிடைக்கவில்லையா?"

அந்தச் சொல் தைத்தது. மறுநாள் ஐந்து மணிக்கே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெரு முனை திரும்பவில்லை, பின்னாலிருந்து தட்சிணத்தின் குரல் வந்துவிட்டது.

"அண்ணே, உலை கொதிக்குது. சாமியே இன்னும் புறப்படல, நீங்க எங்க ஊர்வலம் கிளம்பிட்டீங்க?"

வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதன்பிறகு அவர் நடக்கப் போகவில்லை.

பன்னிரண்டாம் நாள் அரிசி நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். வந்த அன்று அதில் நிறுத்ததைவிட இரண்டு கிலோ கூடுதல்.

"நோன்பு நல்லாவே பிடிச்சிருக்கு அண்ணே" என்றார் தட்சிணம்.

அடிகள் சிரிக்கவில்லை. "வாயைக் கட்டத் தெரியவில்லையா, ஐயாறப்பரே?"

தாம் சொன்ன சொல்லே திரும்பிவந்து முகத்தில் அறைந்தது.

"நான் கொடுத்தனுப்பும் பொங்கலை வீட்டில் யார் உண்பார்?"

"அப்பா சர்க்கரை நோயில் போனவர். அதனால் நானும் அம்மாவும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். மீதியை அவள்தான்... பிரசாதத்தை எறியக் கூடாதே, சுவாமி."

அடிகள் தம் வலக்கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் உண்ணவில்லை.

"எனக்குப் பத்திரம் வேண்டாம்" என்றார் ஐயாறப்பர். "விளங்கிவிட்டது. இப்போதே போய் அவளிடம் சொல்கிறேன்."

வீட்டில் சொல்வதற்கு அவள் இல்லை. மகன் மனம் மாறிவிடுவான் என்று அஞ்சிய தாயார், மருமகளின் அண்ணனை வரவழைத்து, பெட்டியோடு வேதாரண்யத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். கொஞ்ச நாள் பொறு என்றார் தாயார். ஐயாறப்பர் பொறுத்தார். அப்படியே நான்கு மாதம் ஓடிற்று.

தை பிறந்ததும் தாயாரிடம் சொல்லாமல் பேருந்து ஏறினார். அண்ணன் வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தபோது, உப்பளத்துச் சாலையில் இரண்டு பெண்கள் கை வீசி வந்தார்கள். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. அருகே வந்த பிறகுதான் அவர்களில் ஒருத்தி தம் மனைவி நீலாயதாட்சி என்பதும், மற்றவள் அவளுடைய அண்ணி என்பதும் தெரிந்தது.

நீலாயதாட்சி முகம் கழுவிவந்து, மோர் கொடுத்தாள்.

"உடம்பு எப்படி இருக்கிறது?"

"ரெண்டு மாசமா நாள் தவறாம வருதுங்க. ஆறு கிலோ குறைஞ்சிருக்கு."

"அப்படியானால் குணமாகிவிட்டது. புறப்படு, போகலாம்."

"குணமாகலீங்க. நடையையும் பத்தியத்தையும் விட்டா திரும்ப வந்துடும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

ஐயாறப்பர் மடத்துக் கதை முழுவதையும் சொன்னார். வழித்த சட்டியைச் சொன்னார். கொல்லையில் குந்தித் தின்றதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பன்னிரண்டு நாளா? பாவம்" என்றாள்.

அந்தச் சொல்லில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "அங்க வந்தா, ராத்திரி நான் எத்தனை மணிக்குச் சாப்பிடுவேன்?"

எட்டு மணிக்கு என்று சொல்ல ஐயாறப்பர் வாய் திறந்தார். சொல்லுக்கு முன்னால் தாயாரின் முகம் வந்து நின்றது.

"அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்."

நீலாயதாட்சி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுபடி வெளியே வரவில்லை. அண்ணிதான் வாசற்படிக்கு வந்தாள்.

"பதினொன்றரைக்கு பஸ் இருக்குங்கண்ணே. அதை விட்டா மூணு மணிக்குத்தான்."

அன்று பிற்பகல் அவர் மடத்தில் வந்து விழுந்தார்.

"பன்னிரண்டு நாள் அவளாக இருந்து பார்த்தேன், சுவாமி. அறிந்துகொண்டேன். அவள் முன்னால் அழுதேன். அப்படியும் அவள் வரவில்லை."

"உம்மிடம் ஏதும் கேட்டாரா?"

எத்தனை மணிக்குச் சாப்பிடுவேன் என்று கேட்டதைச் சொன்னார்.

"நீர் என்ன சொன்னீர்?"

அதையும் சொன்னார்.

அடிகள் "பத்திரம் எங்கே இருக்கிறது?" என்றார்.

"வீட்டில், பெட்டியில். கிழித்துப் போட்டுவிடுகிறேன், சுவாமி."

"கிழிக்க வேண்டாம். கையெழுத்திட்டு அனுப்பும். அன்று நீர் வேண்டிய உத்தரவை இன்று தருகிறேன்."

ஐயாறப்பர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "சுவாமி, இப்போது அவள் நலமாக இருக்கிறாளே."

"அதனால்தான்" என்றார் அடிகள்.

இதைக் கேட்டவர் இல்லங்களில் அடுப்பின் சூடு ஆறுமுன் ஒருவர் விடாமல் எல்லோரும் உண்டு அமர்க. அவர்தம் உடலும் உயிரும் நலம் பெற்று நெடிது நிற்க எம்பெருமான் அருள்க.