நீர்நாயும் இரண்டு காவலர்களும்

ஓர் ஆற்றுக்கு மேற்கே ஒரு காடு, கிழக்கே ஒரு காடு. ஆறுதான் எல்லை. மேற்குக் கரையைச் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி காவல் காத்தது. கிழக்குக் கரையைக் கட்டாரி என்ற உடும்பு காத்தது.

அந்த ஆற்றில் வழுக்கன் என்ற நீர்நாய் இருந்தது. கிழக்குக் காட்டு நரிகள் ஊமத்தை விதையைத் தேனில் குழைத்து உருண்டை பிடித்துக் கொடுக்கும். வழுக்கன் அதை இலையில் பொதிந்து, வாயில் கவ்வி, நீருக்கடியில் நீந்தி மேற்கே கொண்டுபோகும். தின்றவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும். மறுநாளும் தின்னத் தோன்றும். உருண்டைக்கு விலை மயில் முட்டை! தின்றவர்கள் திருடிக் கொடுத்த முட்டைகள் நரிகளுக்குப் போயின. நடுவில் வழுக்கன் கொழுத்தது.

மயில்கள் போய் முறையிட்டன. மேற்குக் காட்டின் தலைவரான யானை, செம்மூக்கியை அழைத்தது.

"உன் கரை வழியாகத்தானே எல்லாம் நடக்கிறது? தூங்குகிறாயா, பங்கு வாங்குகிறாயா?"

செம்மூக்கி கூனிக் குறுகித் திரும்பியது. கரையில் வழுக்கன் காத்திருந்தது.

"அக்கா, கடத்துவது அந்த உடும்புதான்! நான் என் கண்ணால் பார்த்தேன். அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காதே!"

பிறகு அக்கரைக்குப் போய்க் கட்டாரியிடம், "அண்ணே, உருண்டை கடத்துவது அந்தக் குருவிதான்! அவளை விடாமல் பார்த்துக்கொள்!" என்றது.

அன்றுமுதல் குருவி உடும்பையே பார்த்தது. உடும்பு குருவியையே பார்த்தது. ஆற்றை யாரும் பார்க்கவில்லை. வழுக்கன் நிம்மதியாகப் போய் வந்தது.

ஒரு காலையில் உருண்டை தின்ற மான்குட்டி ஒன்று தள்ளாடியபடி ஆற்றில் இறங்கியது. வெள்ளம் அதை இழுத்துப் போனது. கட்டாரி சட்டென்று நீரில் பாய்ந்தது. குட்டியின் காதைக் கவ்வி, நடு ஆற்று மணல்திட்டில் கொண்டு சேர்த்தது. ஆனால் குட்டி பிழைக்கவில்லை.

செம்மூக்கி எல்லாவற்றையும் பார்த்தது. 'கடத்துகிறவன் எதற்கு உயிரைக் கொடுத்து இழுக்கிறான்?' என்று யோசித்தது. பறந்து திட்டில் இறங்கியது.

"நேராகவே கேட்கிறேன். உருண்டை கடத்துவது நீதான் என்று வழுக்கன் சொன்னானே?"

"என்னது! நீ என்றல்லவா என்னிடம் சொன்னான்!"

வழுக்கன் தங்களை ஏமாற்றியது இரண்டுக்கும் புரிந்தது.

"நான் மேலிருந்து ஆற்றைப் பார்க்கிறேன். நீ நீரோரம் இரு" என்றது செம்மூக்கி.

அன்று மாலையே நீரில் வரிசையாகக் குமிழிகள் எழுந்தன. செம்மூக்கி அலறியது. கட்டாரி பாய்ந்து வழுக்கனின் வாலைப் பற்றியது. உடும்பின் பிடி அல்லவா! எவ்வளவு புரண்டும் வழுக்கனால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை. பொதி அவிழ்ந்து உருண்டைகள் மிதந்தன.

இரண்டு காட்டுத் தலைவர்களும் மணல்திட்டுக்கு வந்தார்கள்.

"மன்னித்துவிடுங்கள்! இனிச் செய்யவே மாட்டேன்!" என்று வழுக்கன் அழுதது.

தாய்மான் கேட்டது: "என் குட்டி எழுந்து வருமா?"

வழுக்கனை இரண்டு காடுகளிலிருந்தும் துரத்தினார்கள். முட்டை வாங்கிய நரிகளுக்கும் தண்டனை கிடைத்தது.

அண்டை நாட்டுக் காவலர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்து நின்றால், இருவருக்கும் நடுவே திருடன் வழி போட்டுக்கொள்வான்.