ஜெருசலேம் வரை போன கால்கள்

"இன்னும் எந்தச் சாமிதானுங்க பாக்கி?"

கேட்டவர் நாச்சிமுத்து. கேட்ட இடம் பாறைக்கு மேல் இருக்கும் பூவாத்தாள் குகை.

பூவாத்தாள் அவருக்குக் குரு. வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவள். அதனால் என்ன, ஞானத்துக்கு யார் ஆதார் கார்டு கேட்டார்கள்?

நாச்சிமுத்து லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். கையில் காசு உண்டு. மனசில் ஒரே குறை. மகள் கோகிலவாணிக்குப் பிறந்ததிலிருந்தே நடக்க வராது. அவளை நடக்க வைத்தே தீருவது என்று மனுஷன் போகாத ஊரில்லை.

காசி, கயா, அஜ்மீர் எல்லாம் ஆயிற்று. அப்புறம் பாஸ்போர்ட் எடுத்தார். ஜெருசலேம் போனார்கள். பிரான்சில் ஏதோ ஊற்று என்றார்கள், அங்கேயும் போனார்கள். ஜப்பானில் ஒரு பழைய புத்தர் கோயில். போன இடத்துத் தண்ணீரையெல்லாம் பாட்டிலில் பிடித்து வந்து மகள் காலில் தேய்த்தார். கால் ஈரமானதுதான் மிச்சம்.

"ஒரு சாமியும் வாயைத் திறக்கலைங்க. நானும் விடறதா இல்லை. துருக்கியில ஒரு பழைய இடம் இருக்குதாம், ஞாயித்துக்கிழமை கிளம்பறோம். அதுவும் ஆகலைன்னா அடுத்தது எதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

"பொண்ணு எங்கண்ணா?" என்றாள் பூவாத்தாள்.

"கீழ கார்லீங்க. இத்தனை படி ஏற முடியாதுங்களே."

பூவாத்தாள் எழுந்தாள். படியில் இறங்க ஆரம்பித்தாள்.

நாச்சிமுத்துவுக்குப் பதறிவிட்டது. குருவைத் தேடி நாங்கள் வர வேண்டும், குரு எங்களைத் தேடி இறங்கலாமா, பாவம் யாருக்கு என்று புலம்பிக்கொண்டே பின்னால் ஓடினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கார்க் கதவு திறந்திருந்தது. வாணி உள்ளே உட்கார்ந்திருந்தாள். பூவாத்தாள் புழுதி என்றும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தாள்.

"இத்தனை ஊருக்குப் போனியே கண்ணு, என்னத்தைப் பாத்தே?"

அதுவரை யாரும் அதை அவளிடம் கேட்டதில்லை.

வாணி சொன்னாள். பாதி இடத்தில் வாசலைத்தான் பார்த்தாளாம். மீதி இடத்தில் யாராவது மூட்டை தூக்குகிற மாதிரி தூக்கிப் போனதில் கூரையைப் பார்த்தாளாம். ஒரு ஊரில் வெளியே காத்திருந்தபோது எந்தப் புண்ணியவானோ மடியில் சில்லறை போட்டுவிட்டுப் போனானாம். எம்.எஸ்ஸி. கணக்கில் தங்க மெடல் வாங்கியவள் மடியில்!

சொல்லி முடித்துவிட்டு, முக்கியமான விஷயத்துக்கு வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இதற்கு முன் கிடைத்த வேலையும் இப்படித்தான், ஜப்பானில் இருந்தபோது கை நழுவிப் போனது.

"வேலை எங்க அம்மிணி ஓடிப் போகுது?" என்று நடுவில் புகுந்தார் நாச்சிமுத்து. "முதல்ல காலு. நாலு எட்டு எடுத்து வெச்சிரு. அப்புறம் எந்த வேலைக்கு வேணும்னாலும் போ, நான் கேக்கறனா?"

"துருக்கிக்கு நான் வரலீங்கப்பா."

"ஒரு சாமியும் இன்னும் பதில் சொல்லலையே கண்ணு..."

"எல்லாச் சாமியும் சொல்லியாச்சு. முடியாதுன்னு சொல்லிருச்சு. எனக்குக் காசியிலயே கேட்டுருச்சு. உங்களுக்குத்தான் ஜப்பான் வரைக்கும் போயும் கேக்கலை."

பெற்ற மகள் இப்படிப் பேசி நாச்சிமுத்து கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குரு பக்கம் திரும்பிக் கும்பிட்டார். துருக்கி வேண்டாம், எங்கேயும் வேண்டாம், உங்கள் கையால் அந்தக் காலில் கொஞ்சம் திருநீறாவது பூசிவிடுங்கள் என்று கெஞ்சினார்.

பூவாத்தாளும் மனுஷிதானே. பெரிய மனுஷன் அழுதால் யாருக்குத்தான் மனசு இளகாது? சுருக்குப்பையைத் திறந்து திருநீறு எடுத்தாள். வாணியின் முழங்கால் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

வாணி அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

குருவின் கையைப் பிடித்து நிறுத்துவதாவது! நாச்சிமுத்துவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"காலுக்கு வேண்டாமுங்க" என்றாள் வாணி. பிடியை விடவில்லை.

பூவாத்தாளுக்கு முகம் சிவந்தது. அந்தக் கையை இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"தப்பு என்மேலதான் கண்ணு. உன்னைக் கேட்டுட்டு எடுத்திருக்கோணும்" என்றாள். "எடுத்தது எடுத்தாச்சு. யாருக்குப் பூசட்டும்?"

"எங்கப்பாவுக்குப் பூசுங்க. இந்தக் காலு எனக்கு ஒருநாளும் வலிச்சதில்லீங்க. அவருக்குத்தான் வலிக்குது."

பூவாத்தாள் எழுந்து போய் நாச்சிமுத்துவின் நெற்றி நிறையப் பூசினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பூசி முடித்த பிறகும் திறக்கவில்லை.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு அம்மிணி அங்க இருக்கோணும்?" என்று கேட்டார்.