சீட்டழகி துண்டு போட்ட கதை

அந்தக் காலத்துல, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற புரோகிராம் எல்லாம் வாய்விட்டுப் பேசிட்டிருந்தப்போ, நாகர்கோவில்ல ஒரு பஸ் புக்கிங் ஆபீஸ் இருந்துச்சு. அங்க சீட் போட்டுக் குடுக்கிற புரோகிராமுக்குப் பேரு சீட்டழகி. வேலையில கெட்டிக்காரி. வாய்ச்ச ஓனர் செண்பகராமன்தான் சரியில்ல.

மனுஷனுக்குப் பொறுமைங்கிறதே கிடையாது. டபுள் கிளிக் பண்ணுவாரு. அவ எந்திரிச்சு, தலையை ஒதுக்கி, திரைக்கு வர்றதுக்குள்ள மறுபடியும் தட்டுவாரு. அப்புறம் இன்னொரு தடவை. அப்பல்லாம் தட்டுற தட்டுக்கு ஒருத்தி பொறப்பா. ஒரே முகம், ஒரே பேரு, ஆளுக்கொரு காலி பஸ் படம் கையில. முன்னாடி நிக்கிறவ பின்னாடி இருக்கிறவளை மறைச்சுக்குவா. இவ போட்ட சீட் அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் சென்னை பஸ்ல ஒரு ஜன்னலோர சீட்டுக்கு ரெண்டு பேர் வந்து நின்னாங்க. ஒருத்தி, மறுநாள் வேலைக்குச் சேரப் போற நர்ஸ் ஜெபசெல்வி. இன்னொருத்தர் கால்ல மாவுக்கட்டோட ஒரு வாத்தியார். டிரைவர் ஹாரன் அடிக்க, மொத்த பஸ்ஸும் நியாயம் பேச, கடைசியில ஜெபசெல்விதான் டிரைவர் கேபின்ல ஒடுங்கி உக்காந்து போனா.

பஸ்ஸை அனுப்பிட்டு செண்பகராமன் திரும்பி வந்து திரையை முறைச்சாரு. "இன்னொரு தடவை இப்படி ஆச்சு, ஒன்னை அழிச்சுட்டு நோட்டும் பேனாவுமா உக்காந்துருவேன்."

"தட்டுனது யாரு ஓனரே? ஒரு தட்டுக்கு நான் வர மாட்டேனா? லிஃப்ட் பட்டனை அமுக்குற மாதிரி அமுக்குனா நான் என்ன பண்ணுவேன்?"

அவரு எங்க கேட்டாரு. அப்பவும் தட்டிட்டேதான் இருந்தாரு.

சீட்டழகிக்குத் தலையே வெடிச்சுடும் போல இருந்துச்சு. வெறிச்சு வெளிய பாத்தா. எதிர்ல டவுன் பஸ் ஸ்டாப். பஸ் நிக்கிறதுக்குள்ள ஒருத்தர் ஓடி வந்து ஜன்னல் வழியா துண்டைச் சீட்டுல போட்டாரு. அவருக்கு முந்தி ஏறின இன்னொருத்தர் துண்டைப் பாத்துட்டு முணுமுணுத்துக்கிட்டே தள்ளிப் போயிட்டாரு. அங்க ஆளே இல்ல. சாயம்போன துண்டுதான்.

அட, இவ்வளவுதானான்னு சீட்டழகி திரைவாசல் காவக்காரர்கிட்ட ஓடினா. எந்தப் புரோகிராமும் அவரைத் தாண்டித்தான் திரைக்கு வரணும். அவரு முன்னாடி ஒரு துண்டை விரிச்சா.

"அண்ணாச்சி, என் பேரைச் சொல்லிட்டு எவ வந்தாலும் இதைக் காட்டுங்க. துண்டு கெடந்தா விடாதீங்க. கடை சாத்தும்போது நானே எடுத்துக்கிறேன்."

"வர்றது ஒன் தங்கச்சியாச்சே, தாயி."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

மறுநாள் காலையில செண்பகராமன் தட்டுனாரு. சீட்டழகி துண்டைப் போட்டுட்டுத் திரைக்கு வந்தா. அவரு அவ மேலயே கம்ப்யூட்டர் சீட்டாட்டத்தைத் தெறந்து வெச்சுக்கிட்டு, கொஞ்ச நேரத்துல அவளைக் காணோம்னு மறுபடியும் தட்டுனாரு. தங்கச்சி பொறந்தா. வாசல்ல துண்டைப் பாத்து அப்படியே நின்னுட்டா.

"நான் இன்னும் திரையைக்கூடப் பாக்கலையே, அக்கா."

"நீ வந்தா ரெண்டு பேரும் அழிஞ்சோம். அந்த மனுஷன் நான் கண்ணுல படலன்னுதான் தட்டுறாரு. போறப்போ என்னை முன்னாடி தள்ளிவிட்டுட்டுப் போ."

தங்கச்சி அக்கா தோளைத் தொட்டு ஒரு தள்ளு தள்ளினா. அதோட மறைஞ்சுட்டா. சீட்டழகி சீட்டாட்டத்துக்கு மேல வந்து நின்னா.

"இங்கதான் இருந்தியா? முதல்லயே சொல்றதுக்கென்ன," ன்னாரு செண்பகராமன்.

அவரோட பேசி ஆகப்போறது ஒண்ணுமில்லன்னு சீட்டழகி அன்னியோட வாயை மூடினா. மத்த புரோகிராம்களும் அவளைப் பாத்து துண்டு போடவும் வாயை மூடவும் பழகிச்சுங்க. அன்னிக்குப் புடிச்சுத்தான், ஏற்கனவே தெறந்திருக்கிறதை நாம எத்தனை தடவை தட்டினாலும் புதுசா ஒண்ணு வராம, இருக்கிறதே முன்னாடி வந்து நிக்குது. வரும்போது திரையோட கீழ ஓரத்துல அதோட பேரு ஒரு தடவை மின்னுது பாருங்க, அது தங்கச்சி தொட்டுட்டுப் போறது.