முட்டுக்கட்டை யார் கையில்?

ஆவராங்குடியில் தேர் கிளம்பிவிட்டால் ஒருவருக்கும் கால் தரையில் நிற்காது. ஆனால் கீழவீதி முடிந்து தெற்குவீதிக்குத் திரும்பும் மூலை வந்ததும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வடம் பிடிப்பவர்கள் தேரை இழுக்கத்தான் முடியும், திருப்ப முடியாது. வலப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் ஒருவர் முட்டுக்கட்டையைச் செருக வேண்டும். அந்தச் சக்கரம் தடைபட, இடப்பக்கம் சுற்றிக்கொண்டு வர, தேர் திரும்பும். கட்டை முந்தினால் தேர் உள்மூலைச் சாக்கடையில் இறங்கும். பிந்தினால் நேர் எதிரே செங்கமலத்தின் டீக்கடை.

போன வருஷம் பிந்திவிட்டது. கூரை, பாய்லர், பெஞ்சு எல்லாம் போய், செங்கமலம் புளியமரத்தடியில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு வருஷத்தை ஓட்டினாள். இப்போதுதான் கடையை மறுபடி எழுப்பியிருக்கிறாள். இன்னொரு முறை எழுப்ப அவளிடம் தெம்பு இல்லை. கட்டை போட்டவரோ வெட்கப்பட்டுக்கொண்டு திருப்பூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். தர்மகர்த்தா செங்கமலத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"அடி விழுறது ஒன் கடைக்குத்தான். யாரு கட்டை போடணும்னு நீயே சொல்லும்மா."

மூன்று பேர் முன்வந்தார்கள். மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள், மூவருக்கும் வேலை புதிது. ஓவிய வாத்தியார் வைத்திலிங்கம் எதையும் வரைந்து பார்த்தால்தான் நம்புவார். கல்யாணச் சமையல்காரர் உத்திராபதி வாயைத் திறக்காமல் அடுத்தவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார், அப்படிப் பார்த்தே அத்தனை பலகாரமும் கற்றவர். லாரி டிரைவர் மருதையனுக்குப் பார்க்கவும் பொறுமை இல்லை, வரையவும் பொறுமை இல்லை. கையை வைத்தால்தான் அவருக்குப் புத்தியில் ஏறும்.

வெள்ளோட்டம் இரண்டு நாள். அலங்காரம் இல்லாத வெறுந்தேர், அதே மூலை, அதே கூச்சல். இனிதான் வேடிக்கை.

முதல் நாள் சீட்டு உத்திராபதிக்கு விழுந்தது. பாவம், கட்டையைச் சீக்கிரமே செருகிவிட்டார். தேர் சாக்கடைப் பக்கம் சாய, ஊரே அலறி வடத்தை விட்டது. அடுத்து வைத்திலிங்கம் தரையில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, கோட்டின்மேல் கட்டையை வைத்தார். தேர் வரைந்து வைத்த மாதிரி திரும்பியது. விசில் காதைப் பிளந்தது. கடைசியாக மருதையன். பிந்திவிட்டார். தேர் கடையை நோக்கிப் போக, ஓடிப்போய் இன்னொரு கட்டையைத் தூக்கிவந்து செருகினார். கடைப் படிக்கு ஒரு முழம் முன்னால் தேர் முனகிக்கொண்டு திரும்பியது. செங்கமலத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மறுநாள் காலையில் தூறல். தேரில் அலங்காரத்தின் பாரத்துக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். வைத்திலிங்கம் முதலில் வந்து அதே கோட்டில் கட்டையை வைத்தார். ஈரத்தில் கட்டை வழுக்கி, தேர் கோட்டைத் தாண்டி நின்றது.

"கோடு சரிதாங்க. மூட்டையைத்தான் அளவில்லாம ஏத்திட்டாங்க" என்றார்.

அதைக் கண்கொட்டாமல் பார்த்திருந்த உத்திராபதி, தம் முறை வந்ததும் கோட்டுக்கு ஓரடி முன்னாலேயே கட்டையைச் செருகினார். தேர் பூப்போலத் திரும்பியது. ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது.

மருதையன் அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்தார். மேளத்தை நிறுத்தச் சொன்னார். "சக்கரம் கிரீச்சுங்கறது நேத்து எனக்குக் கேக்கல, அதான் பிந்திட்டேன்" என்றார். இந்த முறை இரண்டாவது கட்டையைக் கக்கத்திலேயே வைத்திருந்தார். முதல் கட்டை கொஞ்சம் பிந்தியது, அது வழுக்கும்போதே இரண்டாவது உள்ளே போயிற்று. தேர் திரும்பியது, ஆனால் குலுங்கிக் குலுங்கித்தான்.

ஆக, ஒரு நாள் அப்பழுக்கில்லாமல் திருப்பியவர் வாத்தியார். மறுநாள் அதைவிட அழகாகத் திருப்பியவர் சமையல்காரர். ஒரு முறைகூட ஒழுங்காகத் திருப்பாதவர் டிரைவர். தேரன்று அந்த மூலையில் தேர் ஒரே ஒரு தடவைதான் திரும்பும். கடை போனால் போனதுதான். செங்கமலம் யாரைச் சொல்வது சரி? சொல்லிவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: மருதையனை. உத்திராபதி கெட்டிக்காரர்தான், ஆனால் அவருக்கு முன்னால் ஒருவர் தப்பு செய்து காட்ட வேண்டும். முதல் ஆளாக இறங்கிய அன்று அவர் பட்ட பாட்டைப் பார்த்தோமே. தேரன்று அவருக்கு முன்னால் யார் போவார்? வாத்தியாரின் கோடு நேற்றைய தரைக்குச் சரி, இன்றைய தரைக்கு அவர் கோட்டை மாற்றவில்லை, மூட்டையைத் திட்டினார். மருதையன் தம் தப்பைத் தாமே ஒப்புக்கொண்டு, அதற்கு வழியும் தேடிக்கொண்டு மறுநாள் வந்தார். சக்கரம் உருளும்போதே கற்றுக்கொள்ளக் கூடியவர் அவர் ஒருவர்தான். ஊர் சிரித்தது, செங்கமலம் சொன்ன பேச்சை மாற்றவில்லை. தேரன்று முதல் கட்டை நொறுங்கிச் சிதறியது, இரண்டாவது நின்றது, தேர் திரும்பியது. அத்தனை நேரமும் எல்லோரும் அவளை வெளியே வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, செங்கமலம் கடைக்குள்ளேயே நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.