வேறொரு இஞ்சினின் மூளை

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்துமூன்று.

கோயம்புத்தூர் உக்கடத்தில் கார்களின் கம்ப்யூட்டரைப் பிரித்துச் சரிசெய்கிறவள் தில்ஷாத். உடுமலையில் முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் சவரிமுத்து, செவ்வாய்க்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து அவளிடம் பாடம் கேட்டார். ஊரில் சிரித்தார்கள். அந்தப் புள்ள பொறந்தப்பவே நீ லாரி இஞ்சின் இறக்கினவனாச்சே என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டே விட்டார். ஆமா, அவ பொறக்காம இருந்திருந்தா நான் லாரியோடயே நின்னிருப்பேன் என்றார் சவரி. அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

அவருக்குப் பெருமை ஜாஸ்தி. இல்லாததைச் சொல்லும் பெருமையில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, வருகிற சத்தத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். சொன்னால் அப்படியே இருக்கும்.

அப்படிப்பட்டவரிடம்தான் வால்பாறை டாக்ஸிக்காரர் கனகராஜ், இஞ்சின் செத்துப்போன காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். அதே கம்பெனிக் கார் ஒன்று, நாலு வருஷம் புதுசு, விபத்தில் நசுங்கிப் பழைய வண்டி உடைக்கும் யார்டில் கிடந்தது. அதன் இஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. சவரி அதை வாங்கி வந்து இரண்டே நாளில் இறக்கி வைத்தார். செய்துவைத்த மாதிரி உட்கார்ந்தது.

கம்ப்யூட்டரை மட்டும் மாற்றவில்லை. எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இஞ்சினுக்குச் சொல்வது அதுதான். பட்டறையில் மூளை என்பார்கள். பழைய மூளைக்குத்தான் கனகராஜின் சாவி தெரியும், மாற்றினால் சாவியையும் மாற்ற வேண்டும். புது இஞ்சினின் வயர் பிளக்கும் அதில் சரியாகப் பொருந்தியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. தெருவே கூடி நின்று பார்த்தது.

டேஷ்போர்டில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு மட்டும், இஞ்சினில் ஏதோ சரியில்லை என்று சொல்கிற விளக்கு, அணைய மாட்டேன் என்றது. சவரி யோசித்தார். அதன் வயரைப் பக்கத்திலிருந்த ஆயில் விளக்கின் வயரோடு முறுக்கிவிட்டார். சாவி போட்டால் எரியும், வண்டி கிளம்பினால் ஆயில் விளக்கோடு தானும் அணையும். யாருக்கும் சந்தேகம் வராது. அந்த வேலையிலும் அவருக்குப் பெருமைதான்.

சமதளத்தில் கார் நன்றாக ஓடியது. மலையில் ஏறினால் இருமியது, இடித்தது. இரண்டு தடவை கொண்டு வந்தார் கனகராஜ். சவரி ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பம்பைக் கழுவினார், அனுப்பினார். மூன்றாவது தடவை, பொள்ளாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்டேட்டுக்குத் திரும்பிய ஒரு தாயும் பதினோரு நாள் குழந்தையும் உள்ளே இருக்க, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் செத்து நின்றது. மழை. யானை நடமாடும் இடம். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு காய்கறி லாரி அவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

கனகராஜ் திட்டவில்லை. வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி, ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணா, இனி இதுல ஆளை ஏத்தலாமா, வேண்டாமா?"

சவரி சாவிக்குக் கை நீட்டினார்.

அன்று செவ்வாய்க்கிழமை இல்லை. அந்தக் காரையே ஓட்டிக்கொண்டு உக்கடத்துக்குப் போனார். இஞ்சின் மாற்றிய கதையையெல்லாம் சொன்னார், விளக்குக் கதையைத் தவிர.

"ஏனுங் அம்மிணி, இஞ்சினும் நல்லது. மூளையும் நல்லது, அந்த வண்டியில பத்து வருஷம் குறையில்லாம வேலை செஞ்சது. வயரிங் நான் பண்ணினது. எல்லாமே நல்லதா இருக்கையில வண்டி ஏன் கெட்டது?"

தில்ஷாத் கையிலிருந்த சால்டரிங் கம்பியை ஸ்டாண்டில் வைத்தாள்.

"வால்பாறை ரோடு உங்களுக்கு நல்லாத் தெரியுமாங்ணா?"

"நாப்பது வளைவும் கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுவேன்."

"கட்டிக்குங்க."

அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, அவர் துண்டாலேயே கண்ணைக் கட்டி, அவளே காரை ஓட்டினாள். பைபாஸ் ஓரம் வீட்டுமனை போட்டு விற்காமல் கிடந்த வெட்டவெளி. அங்கே நிறுத்தி, ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியாச்சு, இனி நீங்க சொல்றபடி போறேன் என்றாள்.

சவரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய பாதை. நேரா என்றார். ஹாரன் அடி என்றார். இப்ப இடது, முழுசா ஒடி. அவள் ஒடித்தாள். ரெண்டாவது கியர். வலது. விடாதே, ஒடி.

டயர் எதிலோ ஏறி இறங்கியது. முள் உரசுகிற சத்தம். அவர் நிறுத்தவில்லை, அடுத்த வளைவைச் சொன்னார். அவளும் ஓட்டினாள். கடைசியில் வண்டி குலுங்கி நின்றது.

துண்டை அவிழ்த்தார். கார் வேலிமுள்ளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. ஒரு சாண் தள்ளி மனைக்கல்.

"நான் சொன்னதுல ஒரு வளைவு தப்பில்லை அம்மிணி."

"ஒண்ணுகூடத் தப்பில்லைங்ணா. ரோடுதான் வேற."

சவரி முள்ளைப் பார்த்தார்.

"முள்ளு உரசினப்ப நான் கத்தியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டாள் அவள்.

"அப்பவே நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

"வண்டி கத்தலியா?"

அவர் குனிந்துகொண்டார். "கத்துச்சு. நான்தான் வாயைக் கட்டினேன்."

அவள் ரிவர்ஸ் எடுத்தாள்.

மறுநாள் சவரி யார்டுக்குப் போய், நசுங்கின காரின் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, அந்த இஞ்சினோடு பிறந்த மூளையைச் சாவியோடு கழற்றி வந்தார். மாட்டினார். விளக்கு வயரைப் பிரித்துப் பழைய இடத்தில் சேர்த்தார். சாவி போட்டதும் மஞ்சள் விளக்கு எரிந்து, தானாகவே அணைந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவர் கனகராஜோடு, பாரத்துக்காக ஆறு மூட்டை சிமெண்டையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினார். நாற்பது வளைவு, ஓரிடத்திலும் இஞ்சின் இருமவில்லை. வால்பாறை டாக்ஸி ஸ்டாண்டில் இறங்கி, இருபது டிரைவர்கள் முன்னால் நின்று, அந்தக் குழந்தையை மழையில் நிறுத்தினது நான், மூளையை மாத்தாம விட்டதும் நான், விளக்கை ஏமாத்தினதும் நான் என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்து இறங்கினார். தலை குனியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தில்ஷாத்தின் எதிரே வந்து உட்கார்ந்தார். வண்டி ஏறின அழகை விஸ்தாரமாகச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"முப்பது வருஷம் சேத்த பேரு அம்மிணி. இனி சவரின்னாலே அந்த விளக்குக் கதையைத்தானே சொல்லுவாங்க?"

அவள் மேஜை டிராயரைத் திறந்து தன் காரின் சாவியை எடுத்து, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு ஊட்டி போறேன். பிரேக்கு ஒரு மாதிரி இருக்குங்ணா. நீங்கதான் பாக்கணும், வேற யார்கிட்டயும் விடமாட்டேன்."