இரண்டு பேர் விட்டுக்கொடுத்தது

ஒரு புதிர் போடுகிறேன். இரண்டு பேர் ஒன்றை மாற்றி மாற்றி விட்டுக்கொடுக்கிறார்கள். குரல் உயரவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆளுக்கு முகம் வாடிவிடுகிறது. ஏன்?

தெரியாவிட்டால் பரவாயில்லை. வக்கீல் ஞானசேகரனுக்கும் தெரியவில்லை.

அவர் அறுபது வயதுக்கு மேல் சமரசம் பேசக் கற்றுக்கொள்ள வந்தவர். கற்றுக்கொடுத்த செண்பகவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். குடும்ப நீதிமன்றத்தின் சமரச மையத்தில் அவளுக்கு ஒரு சிறிய அறை இருந்தது.

அன்று பிரபாகரும் வினோதினியும் வந்திருந்தார்கள். மனமொத்துப் பிரிகிறவர்கள். வீடு, நகை, பள்ளிக்கூடம் எல்லாம் பேசி முடிந்துவிட்டது. மகள் நித்திலா தீபாவளிக்கு யாரிடம் இருப்பாள் என்பது மட்டும்தான் பாக்கி.

"நீயே வச்சுக்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் பிரபாகர்.

"வேண்டாம், நீங்களே கூட்டிட்டுப் போங்க. நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள் வினோதினி.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்."

"உங்களுக்கு மட்டும் இருக்காதா?"

அரை மணி நேரம் இப்படியே போயிற்று. செண்பகவல்லி எழுந்து வெளியே வந்தாள். ஞானசேகரனும் பின்னாலேயே வந்தார்.

"மேடம், இவ்வளவு மரியாதையா பிரியறவங்களை நான் பார்த்ததே இல்ல. கையெழுத்து வாங்கிட வேண்டியதுதானே?"

"அந்தப் பொண்ணுகிட்ட, தீபாவளிக்கு எங்கே இருக்கப் போறேன்னு கேட்டுட்டு வாங்க சார்."

நித்திலா பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். உள்ளே பேசுவது அங்கே நன்றாகக் கேட்கும். ஞானசேகரன் கேட்டுவிட்டு, போனதைவிட மெதுவாகத் திரும்பி வந்தார்.

"யாருக்கும் தொந்தரவு இல்லாம எங்கேயாவது இருந்துக்கறேன்னு சொல்றா."

செண்பகவல்லி உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"இனிமே 'நீயே வச்சுக்கோ' கிடையாது. வேணும்னு கேளுங்க."

"மேடம், சண்டை போடக் கூடாதுன்னு நாங்க முதல்லயே பேசி வச்சிருக்கோம்" என்றாள் வினோதினி.

"கொஞ்சம் போடுங்க. தடுப்புக்கு அந்தப் பக்கம் கேக்கணும்."

பிரபாகர் தடுப்பைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தீபாவளிக்கு அவ என்கூடத்தான் இருக்கணும். சங்குசக்கரம் விட்டா என் தோள்ல ஏறிக்குவா. வேற யார் தூக்குவாங்க?"

"தூக்கறது இருக்கட்டும். எண்ணெய் யார் தேய்ப்பாங்க? நீங்க தேய்ச்சா பாதி காதுக்குள்ள போகும்."

"நீ தேய்ச்சா கண்ணுக்குள்ள போகுது. அழுதுக்கிட்டு என்கிட்டதான் ஓடி வருவா."

"அழுதாலும் எனக்கு வேணும். காலையில எழுந்ததும் முதல் ஆளா நான் அவளைப் பாக்கணும்."

"ஏன், நான் பாக்க வேண்டாமா?"

குரல் ஏறியது. குரல் ஏறினால் இடைவேளை விட வேண்டும் என்று ஞானசேகரனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் மேசை மணியை நோக்கிக் கை நீட்டினார். செண்பகவல்லி மணியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரபாகர் பேச்சை நிறுத்தினார். வினோதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவருக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு அவர்களைச் சேர்த்துவைக்கவில்லை. பிரிவதற்குத்தான் வந்திருந்தார்கள், பேசி முடித்த பக்கங்களில் கையெழுத்துப் போட்டார்கள். தீபாவளிக்கு மட்டும் ஒரு வரி காலியாக இருந்தது.

"இதுல என்ன எழுதறது மேடம்?"

"போய் மறுபடியும் கேளுங்க சார். இப்ப உண்மையைச் சொல்லுவா."

ஞானசேகரன் போய்க் கேட்டார்.

தோழி மதுமிதாவின் வீட்டுக்குப் போவதாக நித்திலா சொன்னாள். அங்கே நாய் குட்டி போட்டிருந்தது.