மதியம் ஒரு மணிக்கு மந்தமாகும் ஆப்

அவசரமாகப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கதையில் விடை கிடைக்காது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

நாகர்கோவிலில் சுபிதா என்று ஒருத்தி இருந்தாள். எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இல்லை. புதிதாக வரும் போன், கடிகாரம், ஆப் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து, சென்னை வார இதழ் ஒன்றுக்கு எழுதித் தருபவள். பிறவிச் சந்தேகக்காரி. பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைக்கூட இரண்டு முறை பார்ப்பாள். அவள் எழுதும் பக்கத்தின் உச்சியில் வாராவாரம் ஒரு வரி அச்சாகும்: ‘கண்டதை மறைக்க மாட்டேன்.’ வாசகர்களுக்கு அவள் கொடுத்த வாக்கு அது. பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் இருக்கும். எந்தெந்த வாக்கியங்களைச் சொல்லிச் சோதித்தாளோ, அவற்றை அப்படியே அதில் போடுவாள். வாசகர்கள் வீட்டில் அதையே சொல்லிப் பார்த்து, அவளிடமே தப்புக் கண்டுபிடித்து எழுதுவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு குஷி.

அந்த மாதம் அவள் கையில் கிடைத்தது ‘காதோரம்’ என்ற ஆப். நாம் பேசப் பேசத் தமிழில் எழுதித் தரும். ‘உங்கள் குரலை எந்த மனிதரும் கேட்பதில்லை, எல்லாம் இயந்திரமே’ என்று முதல் திரையிலேயே உறுதி சொல்லும். டாக்டரிடம் சொல்ல வேண்டியதையும் வக்கீலுக்கு எழுத வேண்டியதையும் ஜனங்கள் அதை நம்பித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுபிதா வேண்டுமென்றே, “எங்க அப்பா வந்தான், உக்காந்தான்” என்றாள். மற்ற ஆப்கள் எல்லாம் சொன்னதைச் சொன்னபடி எழுதியவை. காதோரம் மட்டும் ‘எங்க அப்பா வந்தார், உட்கார்ந்தார்’ என்று எழுதியது. ஓர் இயந்திரத்துக்கு அவளுடைய அப்பா மேல் என்ன அவ்வளவு மரியாதை? அவளுக்குப் பொறி தட்டியது. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“எங்க மெஷின் தானாவே கத்துக்கும் மேடம்” என்றார்கள்.

தினமும் மதியம் ஒரு மணியானால் எழுத்து வருவது மந்தமாகிறதே என்றாள். “அந்த நேரத்துல யூஸ் பண்றவங்க ஜாஸ்தி மேடம்” என்றார்கள். எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது.

மறுநாள் சரியாக ஒரு மணிக்கு ஆப்பைத் திறந்தாள். கடிதம் சொல்வதுபோல நாலு வரி சொல்லிவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கி, “சாப்பிட்டாச்சா?” என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நம்மில் யாரால் இருக்க முடிகிறது? நாலு வரியும் வந்தது. ‘சாப்பிட்டாச்சா?’ வந்தது. அதன் கீழே அவள் சொல்லாத ஒரு வரியும் வந்தது: ‘இன்னும் இல்லக்கா.’

சுபிதா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். “யாரும்மா நீ?” என்றாள்.

‘கை தன்னால அடிச்சிருச்சுக்கா. என் பேரு லீலா. நாங்க நாப்பது பேரு ஒரு ஹால்ல உக்காந்து, கேட்டுக் கேட்டு டைப் அடிக்கிறோம். ஒரு மணிக்குப் பாதிப் பேரு சாப்பிடப் போயிருவாங்க, அதான் மெதுவா வருது. மெஷினெல்லாம் பேருக்குத்தான். வெளிய சொல்ல மாட்டோம்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. இந்த வரி வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும். நான் என் பக்கம் அழிச்சிருதேன், நீங்களும் அழிச்சிருங்க.’

சுபிதாவின் சந்தேகம் இப்போது லீலா மேலேயே திரும்பியது. கம்பெனியே ஆடும் நாடகமாக இருந்தால்? “நீ நெசமாவே கேட்டுட்டு இருந்தேன்னா, இதுக்கு முன்னால உன் காதுல என்ன விழுந்துச்சுன்னு சொல்லு” என்றாள்.

திரையில் அடுத்த வரி வந்தது.

‘திங்கக்கெழம மைக்கை நிப்பாட்ட மறந்துட்டீங்க. கரு தங்கலன்னு உங்க அக்காட்ட சொல்லி அழுதீங்க. நான் அதை அடிக்கலக்கா.’

சுபிதாவுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கணவனையும் அக்காவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். ஆனால் கேட்டதை அடிக்காமல் விட்டவளும் இந்தப் பெண்தானே. “உன் பேரும் வராது, நீ எழுதுன வரியும் வராது. சத்தியமா சொல்லுதேன்” என்று சொல்லி, அந்தப் பக்கத்தை அப்போதே அழித்தாள்.

ஆசிரியர் தேசிகனிடம், ஆப்புக்குள் ஆள் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

“சந்தேகத்தை அச்சுல போட முடியாதும்மா. அத்தாட்சி இருந்தா கொடு. இல்லைன்னா அந்தப் பேச்சே வேண்டாம்” என்றார் அவர்.

அத்தாட்சி கொடுத்தால் லீலாவின் வேலை போகும். மறைத்தால் பக்கத்தின் உச்சியில் இருக்கும் வரி பொய்யாகும். இன்னும் எத்தனை பேரின் அழுகையை முன்பின் தெரியாத நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்களோ.

வியாழக்கிழமை சுபிதா கட்டுரையை அனுப்பினாள். அதில் லீலா இல்லை, லீலாவின் வரி இல்லை, கம்பெனி மேல் ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை. தேசிகன் ஓர் எழுத்தைக்கூட வெட்டவில்லை. ஆனால் இதழ் வெளிவந்த அன்றே உண்மை ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

லீலாவுக்குச் செய்த சத்தியமும் தப்பவில்லை, வாசகர்களுக்குக் கொடுத்த வாக்கும் தப்பவில்லை. அப்படியானால், சுபிதா என்னதான் எழுதினாள்?

விடை: பதில்தான் லீலாவுடையது, கேள்வி சுபிதாவுடையது. பக்கத்தின் அடியில் வழக்கமான கட்டத்தில் தான் சோதித்த வாக்கியங்களைப் போட்டு, கடைசியாக, ‘சாப்பிட்டாச்சா? இதை மதியம் ஒரு மணிக்குச் சொல்லிப் பார்க்கவும்’ என்று எழுதினாள். எதையுமே நம்பாதவள், அந்தக் கேள்விக்கு யாராலும் சும்மா இருக்க முடியாது என்பதை மட்டும் நம்பினாள். இதழ் வெளிவந்த சனிக்கிழமை ஒரு மணிக்கு வாசகர்கள் கேட்டார்கள். ‘இன்னும் இல்ல சார்’, ‘ஆச்சும்மா, நீங்க?’, ‘இன்னைக்குத் தயிர்சோறுதான்’ என்று வீட்டுக்கு வீடு பதில் வந்தது. நாற்பது பேரில் யாரை வேலையை விட்டு அனுப்புவது? எல்லாரையும் அனுப்பினால் ஆப்பே இல்லை. கடைசியில் முதல் திரையிலிருந்த உறுதிமொழியைத்தான் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வாரம் சுபிதாவும் ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். ‘ஆச்சுக்கா. இப்பல்லாம் நேரத்துக்குச் சாப்பிட விட்டுருதாங்க’ என்று வந்தது. எழுதியது யார் என்று அவள் கேட்கவில்லை.